நாட்றம்பள்ளியை நடுவில் வைத்து: ஐந்து ஒருநாள் பயணங்கள்

கடற்கரை ஊருக்குப் போகிறவருக்குத் திட்டம் போடுவது பெரிய வேலை இல்லை. காலையில் கரை, மதியம் மீன் குழம்பு, மாலையில் மறுபடி கரை. பார்ப்பதும் சாப்பிடுவதும் ஒரே தெருவில் முடிந்துவிடும். நாட்றம்பள்ளியில் அந்த வசதி கிடையாது. சென்னைக் கடல் 200 கி.மீ.க்கு மேல் கிழக்கே இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகப் போகும் பாலாறு கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வயலூரில் கடலில் சேர்வதுதான் இந்த வட்டாரத்துக்கும் கடலுக்கும் உள்ள உறவு. அந்த ஆறும் ஆண்டில் பல மாதம் வெறும் மணல்தான்.

இங்கே பார்க்க வேண்டியதும் சாப்பிட வேண்டியதும் ஒரே இடத்தில் இல்லை, ஒரே நேரத்திலும் இல்லை. மலை காலை பத்து மணிக்குள் அழகு. பிரியாணி பதினொன்றரைக்கு மேல்தான் தம் உடைக்கும். மூன்று மணிக்குப் போனால் நல்ல கடையில் தேக்சா என்ற பிரியாணிப் பாத்திரம் காலியாக இருக்கும். காவலூர் வானாய்வகம் சனிக்கிழமைக் கணக்கு, கிருஷ்ணகிரி அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடல். வரைபடத்தை வைத்துக்கொண்டு ‘அருகருகே என்ன இருக்கிறது’ என்று திட்டம் போட்டால் பாதி நாள் பூட்டிய கதவுக்கு முன்னாலும் காலிப் பாத்திரத்துக்கு முன்னாலும் போகும். கடிகாரத்தை வைத்துத் திட்டம் போடுங்கள். எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, மற்றதை அதற்கு முன்னும் பின்னும் அடுக்குங்கள். கீழே வரும் ஐந்து பயணங்களும் அப்படி அடுக்கியவைதான்.

ஏன் நாட்றம்பள்ளி?

நாட்றம்பள்ளி திருப்பத்தூர் மாவட்டத்தில் ஒரு வட்டத் தலைநகர், பேரூராட்சி. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களை உருவாக்கும்வரை எல்லாமே வேலூர்தான். சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. கிழக்கே வாணியம்பாடி சுமார் 15 கி.மீ., ஆம்பூர் 35, வேலூர் 80-க்கு மேல். மேற்கே கிருஷ்ணகிரி 35 முதல் 40. தெற்கே ஜோலார்பேட்டை சந்திப்பு 10, திருப்பத்தூர் 20. ஏலகிரி மலை கண்ணுக்கு நேரே நிற்கும்.

ஊருக்குள் சுற்றிப் பார்க்க அதிகம் இல்லை. ராமகிருஷ்ண மடத்தின் கிளை ஒன்று பழைய காலத்திலிருந்தே இங்கே இயங்குகிறது. அமைதியாக அரை மணி நேரம் உட்கார நல்ல இடம். மற்றபடி இது புறப்படவும் திரும்பவும் ஏற்ற ஊர். வார இறுதியில் ஏலகிரியில் அறை வாடகை ஏறும்போது கீழே தங்கிக்கொண்டு மேலே போய்வருவது பையிலுள்ள பணத்துக்கு நல்லது. நிறைய விடுதிகளை எதிர்பார்க்க வேண்டாம். வசதியான அறை வேண்டுமென்றால் வாணியம்பாடியிலோ திருப்பத்தூரிலோ தங்கினாலும் இந்தப் பயணங்கள் அப்படியே பொருந்தும்.

முதல் நாள்: ஏலகிரி, ஜலகாம்பாறை

*கிளம்பும் நேரம்: காலை 6. சாப்பாடு: காலை உணவு மலைமேல், மதியம் திருப்பத்தூரில். யாருக்கு: குழந்தைகள், பெரியவர்கள், எல்லோருக்கும்.*

ஜோலார்பேட்டை வழியாகப் பொன்னேரி போய் மலைப்பாதையில் ஏறுங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு தமிழ்ப் புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் உடன் இருந்தால் பலகையைப் படிக்கச் சொல்லுங்கள், வாந்தி மறந்துவிடும். முதல் ஏற்றத்தில் குரங்குகள் காரை நிறுத்தச் சொல்லிப் பார்க்கும். நிறுத்தாதீர்கள், தின்பண்டம் போடாதீர்கள், கண்ணாடியை ஏற்றியே வையுங்கள்.

ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். ஊட்டி, கொடைக்கானல் குளிரை நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம்தான். இங்கே கிடைப்பது கீழே உள்ள வெயிலிலிருந்து ஒரு விடுதலை, அவ்வளவுதான். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் சமவெளியிலிருந்து ஏறுகிறவருக்கு அந்த விடுதலையே பெரிது. 14 சிற்றூர்கள் சேர்ந்த மலை இது. 1950களின் தொடக்கம்வரை ஜமீன் சொத்தாக இருந்தது. மலையில் காலங்காலமாக வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர்; பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம், மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்று அவர்களே சொல்வார்கள்.

நேரத்தை இப்படிப் பங்கிடுங்கள். ஏழு மணிக்கு மேலே போய்ச் சேர்ந்தால் முதலில் சுவாமிமலை. மங்கலம் பக்கத்திலிருந்து நடைபாதை. சுமார் 4,300 அடி உயரமுள்ள இந்தச் சிகரம்தான் மலையின் உச்சி. நடந்து பழகியவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடலாம். தனியாகப் போகாதீர்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், பத்து மணிக்கு மேல் தொடங்காதீர்கள். ஏற முடியாதவர்களுக்கு நிலாவூர் ஏரிக்கரை இருக்கிறது. கூட்டம் குறைவு, காற்று அதிகம். புங்கனூர் ஏரியில் படகுச் சவாரியும் பக்கத்தில் இயற்கைப் பூங்காவும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் படகுக்கு வரிசை நிற்கும். ஒன்பதரைக்கு வேலையை முடித்துவிடுங்கள்.

காலை உணவுக்குப் பெரிய விடுதிகளைத் தேட வேண்டாம். சாலையோர இட்லி, தோசைக் கடைகளே போதும். சாப்பிட வேண்டியது வேறொன்று: பலாப்பழம். கோடையில் மலைச் சாலை நெடுகச் சுளையாகவும் முழுப் பழமாகவும் வைத்து விற்பார்கள். முழுப் பழம் வாங்கிக் காரில் வைத்தால் வீடு போகும்வரை வாசம் உங்களோடு வரும், யோசித்து வாங்குங்கள். தேனும் கிடைக்கும். பாட்டிலில் ‘மலைத்தேன்’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், ருசி பார்க்கச் சொன்னால் தயங்காமல் தருகிற கடையில் வாங்குங்கள்.

பன்னிரண்டு மணிக்குள் இறங்கி, திருப்பத்தூரில் சாப்பிட்டுவிட்டு ஜலகாம்பாறை அருவி. ஏலகிரியில் பிறக்கும் அட்டாறு இந்தப் பக்கமாக விழுகிறது. மலைமேலிருந்து நிலாவூர் வழியாகக் காட்டுப் பாதையில் இறங்கியும் வரலாம். வழி தெரிந்தவர் துணையும் வனத்துறை அனுமதியும் இல்லாமல் அதை முயல வேண்டாம். திருப்பத்தூரிலிருந்து சாலை வழியே வருவதுதான் குடும்பத்துக்குச் சரி. மழைக்காலத்திலும் அதற்கடுத்த ஓரிரு மாதங்களிலும்தான் அருவி அருவியாக இருக்கும். மார்ச்சுக்கு மேல் பாறையைத்தான் பார்ப்பீர்கள். பக்கத்திலுள்ள முருகன் கோயிலுக்கு ஆடி மாதம் கூட்டம் வரும்.

நேரம் மிச்சமிருந்தால் திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தவறவிடாதீர்கள். மருத்துவர் சவரிராயன் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் 1921இல் தொடங்கியது. இருவரும் கதர் உடுத்து, மரக்கறி உண்டு, ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார்கள். ஆசிரமத்துத் தேவாலயம் திராவிடக் கோயில் பாணியில் கட்டப்பட்டது. கோபுரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைகிறவர் பலிபீடத்தைத் தேடிக் கொஞ்சம் திகைப்பார். வழிபாட்டு இடம், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

இரண்டாம் நாள்: வாணியம்பாடி, ஆம்பூர்

*கிளம்பும் நேரம்: காலை 9. சாப்பாடு: மதியம் 12-க்கு ஆம்பூரில். யாருக்கு: பசியோடு வருகிறவர்களுக்கு.*

இந்த ஐந்து பயணங்களின் நடுநாயகம் இந்த நாள்தான். காலை உணவைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இட்லிக்கு மேல் போனால் மதியம் வருந்துவீர்கள்.

முதலில் பழைய வாணியம்பாடி அதிதீஸ்வரர் கோயில். சரஸ்வதிக்குப் பேச்சு திரும்பக் கிடைத்த தலம் என்று தலபுராணம் சொல்கிறது. பள்ளியில் சேர்க்கும் முன் குழந்தைகளை அழைத்து வருகிறவர்கள் உண்டு. பிறகு ஊருக்குள் ஒரு சுற்று. தெருவில் தமிழும் வீட்டுப் பேச்சில் உருதுவும் கலந்து ஓடும் ஊர் இது. இசுலாமியா கல்லூரி 1919இலிருந்து நடக்கிறது. தோல் வணிகர்களின் பணம் பள்ளியாகவும் கல்லூரியாகவும் மாறிய கதையை இங்கே கண்கூடாகப் பார்க்கலாம்.

பதினொன்றரைக்கு ஆம்பூரில் இருங்கள். ஆம்பூர் பிரியாணியின் வம்சாவளியை ஆற்காடு நவாபின் அரண்மனைச் சமையலறைவரை கொண்டுபோவார்கள். ஸ்டார் பிரியாணிக் குடும்பம் தன் கதையை 1890களில் ஹசின் பேக் என்பவரிடம் தொடங்குகிறது. இன்று நெடுஞ்சாலையின் இருபுறமும் எல்லாப் பலகையிலும் ‘ஸ்டார்’ என்ற சொல் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும். பலகையை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பாருங்கள். லாரி ஓட்டுநர்களும் உள்ளூர்க் குடும்பங்களும் ஒரே கடையில் உட்கார்ந்திருந்தால் அங்கே நுழையலாம். பின்கட்டில் விறகடுப்பு எரிகிறதா என்று கேட்பதிலும் தவறில்லை.

இதன் பக்குவம் ஹைதராபாத்துக்கும் வேறு, திண்டுக்கல்லுக்கும் வேறு. அரிசி சீரகச் சம்பா. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதுதான் நிறத்துக்கும் காரத்துக்கும் ஆதாரம், மிளகாய்த்தூள் அல்ல. கறியை இஞ்சி பூண்டு, மிளகாய் விழுது, தயிர், தக்காளி, புதினா, கொத்தமல்லியோடு வேகவைத்து, அரிசியைத் தனியே முக்கால் பதத்தில் வடித்து, இரண்டையும் சேர்த்து மூடி, மூடிமேல் தணல் பரப்பித் தம் போடுவார்கள். மசாலா வாசம் மூக்கில் ஏறாது. பட்டை கிராம்பு அதிகம் இல்லை. அதனால்தான் சாப்பிட்டு எழுந்தபின் வயிறு திட்டாது.

தட்டில் நல்ல பிரியாணியைக் கண்டுபிடிக்க மூன்று அடையாளம். அரிசி ஒன்றோடொன்று ஒட்டாமல், உடையாமல் இருக்க வேண்டும். கறியை விரலால் தொட்டால் எலும்பிலிருந்து நழுவ வேண்டும். தட்டின் அடியில் எண்ணெய் தேங்கக் கூடாது.

கூட வருவது கத்திரிக்காய்க் குழம்பும் தயிர் வெங்காயமும். கத்திரிக்காயை ஒதுக்கிவைக்கிறவர்களுக்குப் பிரியாணியில் பாதிதான் கிடைத்தது என்று அர்த்தம். புளியும் எள்ளும் சேர்ந்த அந்தக் குழம்புதான் சாதத்தின் காரத்தைச் சமன் செய்கிறது. இந்த வட்டாரத்தின் கத்திரிக்காய்க்குத் தனிப் பெருமையும் உண்டு: அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் முள் கத்தரி ‘வேலூர் முள் கத்தரிக்காய்’ என்ற பெயரில் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. சந்தையில் கண்டால் காம்பிலுள்ள முள்ளைப் பார்த்து, கையைக் காத்துக்கொண்டு வாங்குங்கள்.

ஆர்டர் செய்வது எளிது.

“பாய், மட்டன் இருக்கா?”

“இருக்குண்ணா, உட்காருங்க. ஃபுல்லா, ஆஃபா?”

முதலில் ஆஃப் சொல்லுங்கள். பற்றவில்லையென்றால் சாதம் மட்டும் வாங்கிக்கொள்ளலாம். கறி இல்லாமல் வரும் பிரியாணிச் சாதத்துக்குக் குஸ்கா என்று பெயர். சைவர்கள் இதில் ஏமாற வேண்டாம். குஸ்காவில் கறித்துண்டு இருக்காது, ஆனால் கறியோடு வெந்த சாதம்தான் அது. சைவம் வேண்டுமென்றால் பேருந்து நிலையப் பக்கம் சைவ உணவகத்துக்குப் போய்விடுங்கள்.

மாட்டுக்கறிப் பிரியாணியும் இந்த ஊரின் அன்றாட உணவு. தோல் தொழிற்சாலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை செய்கிறவர்களின் மதியச் சாப்பாட்டில் அதற்குப் பெரிய இடம் உண்டு. 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறிப் பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றதும் எதிர்ப்புக் கிளம்பியது. கடைசியில் மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிப்போனது. சாப்பிடுவதும் சாப்பிடாததும் உங்கள் விருப்பம். எந்தக் கறி என்று கேட்டுவிட்டு உட்காருங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சாப்பிட்டபின் செருப்புக்கடை. ஆம்பூரில் தைத்த ஷூக்கள் ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளுக்குப் போகின்றன. ஏற்றுமதியில் மிஞ்சியதையும் சிறு குறையால் கழித்ததையும் உள்ளூர்க் கடைகளில் விற்பார்கள். வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

- உட்பக்கம் பாருங்கள். மேல்தோல் அசலாக இருந்தாலும் உள்துணி செயற்கையாக இருக்கலாம், விலை அதற்கேற்பக் குறைய வேண்டும்.
- இரண்டு ஷூவையும் பக்கத்தில் வைத்து நிறம் ஒத்துப்போகிறதா பாருங்கள். கழித்த சரக்கில் பெரும்பாலும் இதுதான் குறை.
- முன்பக்கத்தை மடக்கிப் பாருங்கள். நல்ல தோலில் மெல்லிய சுருக்கம் விழுந்து மறையும். மேற்பூச்சு பூசியதில் கோடு வெடித்தாற்போல நிற்கும்.
- மாலையில் வாங்குங்கள். காலையைவிட மாலையில் பாதம் சற்றே பருத்திருக்கும். காலையில் சரியாக இருந்த ஷூ இரவில் கடிக்கும்.
- ஐரோப்பிய அளவு எண்கள் குழப்பும். எண்ணை நம்பாமல் இரண்டு காலிலும் போட்டு நடந்து பாருங்கள்.

தோலைப் பற்றிப் பேசும்போது ஆற்றைப் பேசாமல் விட முடியாது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிட்ட காலம் போய்க் குரோமியம் வந்தபின் கழிவுநீர் பாலாற்றங்கரை நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பு, ‘கெடுத்தவரே சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும்’ என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்று மாசுக்காக மீண்டும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. பாலத்தின்மேல் வண்டியை ஓரம் கட்டி ஐந்து நிமிடம் ஆற்றைப் பாருங்கள். குடிக்கத் தண்ணீர் மட்டும் கையோடு கொண்டுவந்ததையே வைத்துக்கொள்ளுங்கள்.

வரலாறு பிடித்தவர்களுக்கு ஒரு குறிப்பு: 1749 ஆகஸ்ட் 3 அன்று இந்த ஆம்பூரில்தான் ஆற்காடு நவாப் அன்வருதீன் போர்க்களத்தில் இறந்தார். எதிரே சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும், அவர்களோடு பிரெஞ்சுப் படை. கர்நாடகப் போர்களின் திசையைத் திருப்பிய நாள் அது. பார்க்க நினைவுத்தூண் தேடி அலைய வேண்டாம். மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே சாலை குறுகும் இடத்தைப் பார்த்தாலே ஏன் இங்கே சண்டை நடந்தது என்று புரியும்.

மூன்றாம் நாள்: ஆலங்காயம், காவலூர், ஜவ்வாது மலை

*கிளம்பும் நேரம்: சனிக்கிழமை காலை 8. சாப்பாடு: கட்டுச்சோறு. யாருக்கு: பள்ளிப் பிள்ளைகள், வானம் பார்ப்பவர்கள்.*

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகக் காவலூர். காட்டுக்கு நடுவில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம். இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நடத்துவது. 1972இல் நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கி அதே ஆண்டு வியாழனின் துணைக்கோள் கானிமீடுக்கு வளிமண்டலம் உண்டு என்பதற்குத் தடயம் தந்தது. 1977இல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்ட தொலைநோக்கிகளில் அதுவும் ஒன்று. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.3 மீட்டர் பெரிய தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்தார். இந்த மலையில் ஆய்வகம் அமைய வேண்டும் என்று இடம் தேடி நின்ற வைணு பாப்பு அதைப் பார்க்கவில்லை, 1982இல் காலமானார். 1988இல் இங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்தார்கள்.

பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிப்பது வழக்கம். நேரமும் விதிகளும் மாறக்கூடியவை. நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். இரவில் வானம் காட்டுவது மேகத்தைப் பொறுத்தது. ஜனவரி முதல் ஏப்ரல்வரை வாய்ப்பு அதிகம். நிலவு நிறைந்த நாளில் நிலவு நன்றாகத் தெரியும், மற்றது எதுவும் தெரியாது. இருட்டியபின் வளாகத்தின் அருகே காரின் உயர் விளக்கைப் போடாதீர்கள். அங்கே வெளிச்சம்தான் மாசு.

பகலில் நேரம் இருந்தால் காவலூரைத் தாண்டி ஜமுனாமரத்தூர்வரை போகலாம். திருவண்ணாமலை மாவட்டம். மழைக்குப்பின் பீமன் அருவி நன்றாக இருக்கும். சாலை நெடுக நல்ல உணவகம் என்று நம்பிப் போக வேண்டாம். புளிசாதம், தயிர்சாதம் கட்டிக்கொள்ளுங்கள், இலையையும் பிளாஸ்டிக்கையும் திரும்ப எடுத்து வாருங்கள். வாங்கிவர வேண்டியது சாமை, தேன், புளி. ஜவ்வாது மலைச் சாமை இப்போது நகரத்துக் கடைகளிலும் கிடைக்கிறது. மலையிலேயே வாங்கினால் விளைவித்தவர் கைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். இருட்டும்முன் காட்டுச் சாலையைக் கடந்துவிடுங்கள். இரவு வானம் பார்க்கத் தங்குவதாக இருந்தால் ஜமுனாமரத்தூரை விட்டுவிட்டுக் காவலூரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள்: பர்கூர், கிருஷ்ணகிரி

*கிளம்பும் நேரம்: காலை 9, வெள்ளி வேண்டாம். சாப்பாடு: மாலையில் அணை மீன். யாருக்கு: மாம்பழக் காலத்தில் எல்லோருக்கும்.*

மேற்கே திரும்பினால் முதலில் பர்கூர். துணி மொத்தக் கடைகளுக்குப் பெயர் போன ஊர். கல்யாணத்துக்குச் சேலை எடுக்கிறவர்கள் காலையில் இங்கே நிற்கட்டும், மற்றவர்கள் நேரே கிருஷ்ணகிரி.

இந்தப் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தபோது, தமிழ்நாட்டு இரும்புக்காலத்தின் தொடக்கம் 4,200 ஆண்டுகளுக்கு முன்னால் போனது. அகழாய்வுக் குழியில் சுற்றுலாப் பயணிக்குப் பார்க்க எதுவும் இல்லை. அதற்குப் பதில் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் நடுகற்களைப் பாருங்கள். மாடு மீட்கப் போய் மாண்டவர்கள், புலியோடு பொருதவர்கள் எல்லோரும் கல்லில் நிற்கிறார்கள். அரசு அருங்காட்சியகங்கள் வெள்ளிக்கிழமை விடுமுறை. மேலே ‘வெள்ளி வேண்டாம்’ என்றது அதனால்தான்.

மே முதல் ஜூலைவரை வந்தால் மாம்பழம்தான் முதல் வேலை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அதிகம் விளைவது பெங்களூரா எனும் கிளிமூக்கு மாங்காய். பெரும்பகுதி கூழாக்கும் ஆலைகளுக்குப் போய்விடும். கையில் வைத்துச் சாப்பிட அல்போன்சாவும் செந்தூராவும் மல்கோவாவும் கேளுங்கள். சீசன் முடியும்போது நீலம் வரும். ஆண்டுதோறும் கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி நடக்கும். தேதி அறிவித்தபின் கிளம்பினால் ஒரே பந்தலில் பல ரகத்தையும் பார்த்துவிடலாம்.

மதியத்தை லேசாக முடித்துக்கொண்டு நாலு மணிக்குக் கே.ஆர்.பி. அணை. தென்பெண்ணையின் குறுக்கே காமராசர் ஆட்சிக்காலத்தில், 1950களில் கட்டியது. பூங்காவில் பிள்ளைகள் விளையாடட்டும். பெரியவர்கள் அணைப்பக்கத்து மீன் கடைகளுக்குப் போங்கள். ஜிலேபி, கட்லா, ரோகு. மசாலா தடவி வைத்த மீனில் உங்களுக்கு வேண்டியதைக் காட்டினால் எண்ணெயில் போட்டுத் தருவார்கள். ஏற்கெனவே பொரித்துக் குவித்ததை வாங்காதீர்கள். எண்ணெய் கருத்திருந்தால் அடுத்த கடை. விலையை எடைக்கா, துண்டுக்கா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஜிலேபியில் முள் அதிகம், பிள்ளைகளுக்குக் கட்லாவின் நடுத்துண்டு சரி. கடல் இல்லாத மாவட்டத்தில் கரையோரம் உட்கார்ந்து மீன் சாப்பிடும் ஆசை இங்கே குறையில்லாமல் தீரும்.

ஐந்தாம் நாள்: வேலூர்

*கிளம்பும் நேரம்: காலை 6. சாப்பாடு: மதியம் வேலூரில். யாருக்கு: நீண்ட நாளுக்குத் தயாரானவர்களுக்கு.*

ஐந்திலும் நீளமான நாள் இது. போகும்போது பள்ளிகொண்டாவில் நிறுத்துங்கள். பாலாற்றங்கரை உத்தர ரங்கநாதர் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கிறார். காலையில் கூட்டம் இல்லாமல் தரிசனம் கிடைக்கும்.

வேலூர்க் கோட்டை 16ஆம் நூற்றாண்டு. அகழி இன்னும் தண்ணீரோடு இருக்கும் கோட்டைகளில் ஒன்று. உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நெடுங்காலம் மூலவர் இல்லாமல் கிடந்த கோயில். 1981 மார்ச்சில்தான் லிங்கம் மீண்டும் உள்ளே வந்தது. இந்தக் கோட்டைக்குள் 1806 ஜூலை 10 அன்று ஆங்கிலேயருக்கு எதிராகச் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதுத் தலைப்பாகையும், நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் போட்ட தடையும் பொறி. திப்புவின் குடும்பத்தை அடைத்துவைத்திருந்ததும் அதே கோட்டை. 1857-க்கு அரை நூற்றாண்டு முந்திய எழுச்சி. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் இங்கேதான் சிறையிருந்து 1832இல் இறந்தார். கோட்டைக்கு வடக்கே பாலாற்றங்கரையில் அவர் நினைவாக முத்து மண்டபம் இருக்கிறது, 1990இல் திறந்தது. பெரும்பாலான பயணிகள் போவதில்லை. இலங்கையிலிருந்து வருகிறவர்கள் தேடிப் போகிறார்கள்.

மாலையில் திருமலைக்கோடி ஸ்ரீபுரம் பொற்கோயில். 2007 ஆகஸ்டில் குடமுழுக்கு நடந்தது. விளக்கொளியில் பார்ப்பதுதான் முறை. நட்சத்திர வடிவப் பாதையில் நெடுந்தூரம் நடக்க வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பே யோசியுங்கள். அரைக்கால் சட்டைக்கு அனுமதி இல்லை. கைபேசி, கேமரா வெளியே வைக்க வேண்டும்.

ஆற்காடு மக்கன் பேடா வாங்க இன்னும் 25 கி.மீ. போகலாமா என்று யாராவது கேட்பார்கள். இந்த நாளில் வேண்டாம். திரும்ப 80 கி.மீ. இருக்கிறது.

எல்லாப் பயணங்களுக்கும் பொதுவானவை

பேருந்து: கிருஷ்ணகிரி–வாணியம்பாடி சாலையில் பேருந்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் விரைவுப் பேருந்துகள் எல்லாம் நாட்றம்பள்ளியில் நிற்பதில்லை. ஏறும்போதே “அண்ணே, நாட்றம்பள்ளி நிக்குமா?” என்று நடத்துனரிடம் கேட்டுவிடுங்கள். ரயிலில் வருகிறவர்களுக்கு ஜோலார்பேட்டை சந்திப்பு. சென்னை, பெங்களூரு, சேலம் மூன்று திசைக்கும் வண்டி உண்டு.

சொந்த வண்டி: வேலூர்ப் பக்கம் வாணியம்பாடி, பள்ளிகொண்டா என இரண்டு சுங்கச்சாவடிகள். பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முதல் நாள் இரவே பாருங்கள். இரவில் நெடுஞ்சாலையோரம் நிற்கும் லாரிகள் ஆபத்து. ஸ்ரீபுரம் போகும் நாளும் இரவு வானம் பார்க்கும் நாளும் தவிர, ஏழு மணிக்குள் திரும்பிவிடுவது நல்லது.

கிழமை: வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை நேரத்தில் வாணியம்பாடி, ஆம்பூரில் பல கடைகள் கொஞ்ச நேரம் மூடும். ரமலான் மாதத்தில் பகல் வியாபாரம் குறைவு. அதற்கு ஈடாக மாலையில் நோன்பு திறந்தபின் தெருக்கள் விழித்துக்கொள்ளும். அந்த மாதம் மட்டும் இரண்டாம் நாள் பயணத்தை மதியத்துக்குப் பதில் மாலைக்கு மாற்றுங்கள்.

பருவம்: நவம்பர் முதல் பிப்ரவரிவரை பொதுவாக நன்று. மலைக்குக் கோடை, அருவிக்கு மழைக்குப் பின், மாம்பழத்துக்கு மே முதல், வானத்துக்கு ஜனவரி முதல். நான்கும் ஒரே வருகையில் அமையாது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இரண்டை இணையுங்கள். காலை ஆறுக்கு ஏலகிரி ஏறி, பத்தரைக்கு இறங்கி, பன்னிரண்டரைக்கு ஆம்பூரில் இலைமுன் உட்காருங்கள். மலையில் பார்க்காமல் விட்ட இடம் அடுத்த முறையும் அங்கேயே இருக்கும். அன்றைய தேக்சா அன்றோடு தீர்ந்துவிடும். எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் படகுச் சவாரியை விடுங்கள்.